கட்டு மாற்ற ஓர் ஆள்

கோயமுத்தூர்
12.8.1994

மீனாளுக்கு,

உன் இருமல் நின்றதா? உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சின்னவள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் சுகம். பட்டறையில் இரும்பு தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது, ஆபரேஷன் செய்து தைத்தாயிற்று. பயப்படாதே, இட்லி நன்றாக இறங்குகிறது.

இந்த வார்டில் செவ்வந்தி என்று ஒரு சிஸ்டர். ஆபரேஷனுக்கு முன்பே, "ஏனுங்க, ஊட்டுக்குப் போனா கட்டு மாத்திவுட ஆருங்க இருக்கறாங்க?" என்று கேட்டார். என்னோடு வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள் விடிந்தால் பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "சம்சாரம் இருக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப அவிங்களை வரச் சொல்லுங்க. கட்டு மாத்தறதைக் காட்டிக் குடுத்துப்போட்டுத்தான் உங்களை அனுப்புவேனுங்க" என்றார். எல்லோருக்கும் அப்படித்தான். நேற்றுப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கற்றுக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, அவருக்கு வலிக்காமல் பஞ்சை எடுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் பழைய வேட்டி, மெத்தென்று இருக்குமே, அது வேண்டும். கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே.

ஊருக்குக் கிளம்பிய சோணை பையோடு நிற்கிறான், இதை அவனிடம் தருகிறேன். இன்றும் சிஸ்டர், "அம்மணி வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நீ பஸ் ஏறிவிட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

ஏறிவிடு.

சேவுகன்