பனிமலை பார்த்த அம்மா

ஏற்காடு
12 ஜூலை 1987

அன்புத் தங்கை மரியசெல்விக்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் மாமாவும் சுகம்.

உன்னைப் பார்க்க வந்திருக்கும் அம்மாவைக் கப்பலில் ஏற்றி, கடலோரப் பனிமலைகளைக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம் என்று எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. அப்பா போனதிலிருந்து அம்மா என்னோடுதான். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். என்னால் காட்ட முடிந்தது நம் ஊர் ஏரியும் படகும்தான். நீ கப்பலைக் காட்டி அவளை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறாய், எனக்குத் தெரியாதா? பொறாமைதான், ஒளிக்கவில்லை.

காதுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக் கூட்டிப்போ.

அக்கா
இன்பமேரி

வான்கூவர்
20 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சந்தோஷப்படலாம். பயணம் பாழ். ஏறியது முதல் இறங்கும்வரை மூடுபனி. பனிமலை வந்துவிட்டது என்று மைக்கில் சொன்னதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினோம். எதிரே வெறும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் கப்பலைத் திருப்பிவிட்டார்கள். அம்மா கேட்டாள்: "இதுக்கா கண்ணு இத்தன தூரம்? நம்ம ஊட்டு வாசல்ல நின்னாலே இந்த மூட்டம் தெரியுமே."

பிறகு அறையை விட்டு அவள் வெளியே வரவில்லை. வகைவகையாகச் சாப்பாடு இருந்தும் பேச்செல்லாம் நீ வைக்கும் ரசம். பேரிக்காய் மரத்தைக் குரங்கு மொட்டையடித்திருக்கும், இன்பா ஒருத்தியாக என்ன செய்வாளோ என்று புலம்பல். நர்ஸ் வேலையில் ஒருநாள்கூட எடுக்காமல் சேர்த்த லீவு அக்கா அது. ஒரு தடவையாவது என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கலாம். என்னோடு இருந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் கூட்டிப்போனேன். கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் அனுப்புகிறேன். நீயே வைத்துக்கொள்.

மரியா

ஏற்காடு
4 அக்டோபர் 1987

மரியா கண்ணுக்கு,

அம்மா வந்து சேர்ந்தாள். ஜெயித்துவிட்ட மிதப்பில் சேலத்துக்கே போய் அழைத்து வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் கிளியூர்ப் பாவாயி. மலையின் முதல் வளைவு தாண்டவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, கோயில் கோபுரம் ஒசரத்துக்குப் பனிக்கட்டி. இடி இடிச்சாப்புல ஒடஞ்சு கடல்ல விழுவுது. எம்மவ மரியா கையப் புடிச்சுக் காட்டுனா."

மேலே வந்து சேரும்வரை மரியா, மரியாதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும் அதே கதை. பொறுக்கமாட்டாமல், வெறும் மூடுபனியைத்தானே பார்த்தீர்கள், மரியாவே எழுதினாளே என்று அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தேன். அம்மா முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து அடுப்படியில்தான் வாய் திறந்தாள்.

"ஆசையாக் கூட்டிப் போனவளப் பாத்து ஊரே சிரிக்கோணுமா? பெத்த புள்ளையப் பக்கத்துல வெச்சுட்டுப் பெருமை பேசுனா கண்ணு திட்டி பட்டுரும் சாமி. அங்க இருந்தப்ப உன்னயப் பேசுனேன். இங்க அவளப் பேசறேன்."

அப்படியானால் கப்பலில் உன் காதில் விழுந்தது என் பங்கு. பஸ்ஸில் நான் கேட்டது உன்னுடையது. அந்த ரசப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. உன்னுடையதை நான் எழுதுகிறேன்.

இன்று பாவாயி வந்து அம்மாவிடம் கப்பல் கதையை மறுபடி கேட்டாள். பனிக்கட்டி இன்னும் ஒரு பனை உயரம் வளர்ந்துவிட்டது. வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன் அக்கா
இன்பமேரி