பக்கத்து இருக்கை

என் கோபக்காரிக்கு,

இடக்கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். கார் ஷெட்டில் ஆறு வருடமாக நான் கட்டிய விமானம் நேற்று தரையிறங்கும்போது கவிழ்ந்துவிட்டது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது கதவு 'கிரீச்' என்றது. எந்தத் திருகு தளர்ந்தது என்று திரும்பிப் பார்த்தேன். ஓட்டிப் பழகியவன் ஓடுபாதையைத்தான் பார்த்திருப்பான்.

"கட்டத் தெரிஞ்சா போதுமாங்க? எறக்கத் தெரிய வேணாமா? நான் ஏற மாட்டேன்" என்று நான் பறப்பதற்கு முன்பே சண்டை போட்டு உன் அக்கா வீட்டுக்குப் போனாய்.

எனக்குக் கையோடு போயிற்று. உனக்கென்று அளவெடுத்துத் தைத்த பக்கத்து இருக்கையை, இறக்கையைத் தாங்கும் கம்பி குத்தி மறுபக்கம் வந்திருக்கிறது.

கோபத்தை விட்டுவிடாதே. அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.

உன் மெக்கானிக்