ஆறு வயதில் பிறந்த தம்பி

1981, புரட்டாசி, செவ்வாய் இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பெயர் முருகன், வயது ஆறு, முன்பல் இல்லை.

பெற்றோர் இல்லாத எங்களுக்காகப் போடியில் புதிதாக நாலு வீடு கட்டி, வீட்டுக்கு ஓர் அம்மாவை வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற பெரிய பையன்களுக்குத் தனி வீடாம். கூடப் பிறந்தவர்களை மட்டும் பிரிக்க மாட்டார்களாம். இன்று விடியற்காலை ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த ஜீப்பில் முருகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அது போதாதா? இல்லத்துச் செயலாளரிடம், "இவன் என் தம்பிங்கய்யா" என்று அடித்துவிட்டேன்.

"சாடையே இல்லையேடா?"

"அவன் ஆத்தா சாடை, நான் அப்பன் சாடைங்கய்யா."

அவர் முருகனிடம் திரும்பினார். "யாருடா இவன்?"

"தெரியாது. ஜீப்புல வாந்தி எடுத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். முதல் வீட்டு அம்மா பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டும் எங்கிட்டயே கெடக்கட்டும்யா. வெரசா சாப்பிட வாங்கடா" என்றார்.

ஜீப்பில் குலுங்கிய வலியும் பொய் சொன்ன அலுப்பும் சேர்ந்து உடம்பு நொறுங்குகிறது. சின்னப் பயல் ஏங்கிப் போவான், அவனுக்காகத்தான் சொன்னேன் என்று சாப்பிடும்போது பேச்சியம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவன் படுத்ததுமே தூங்கிவிட்டான். தெரிந்த முகம் இல்லாமல் படுக்க எனக்குத்தான் பயம். இதை எழுதும்போதும் என் இடது கை அவன் சட்டை நுனியைத்தான் பிடித்திருக்கிறது.