அண்ணனுக்கு அனுப்பி அழித்த நாலு வரி

இன்று காலை ஆபீஸ் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், நம்மூர்த் தட்டை மாதிரி இருக்கும் நிப்பட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெருங்காயமும் கறிவேப்பிலையுமாக அந்த வாசனை வந்ததும், "ஏ, ஒண்ணு எடுத்துக்கோ, டயட்டெல்லாம் நாளைக்கு" என்று உன் கை நீளப்போகிறது என நினைத்துத் திரும்பிவிட்டேன். உன் சீட்டில் யாரோ ஒருவர் காதை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. என் கழுத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நீ. திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக வந்தவள் நான். வைட்ஃபீல்டில் ஒரே டீம், ஒரே பஸ், போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு. அந்த நேரமெல்லாம் போனில் மெசேஜ் போட்டு யாரையாவது வறுத்தெடுப்பதுதான் என் வேலை. நேரில் என்றால் வாயே திறக்கமாட்டேன். டைப் அடிக்க ஆரம்பித்தால் என்னைப் பிடிக்க முடியாது.

ஒருநாள் டெவலப்பர் ஒருவருக்கு நான் எழுதிய மெயிலை எட்டிப் பார்த்தாய். "ஹௌதா? அப்படியா? இவ்வளவு கோவமா? அப்ப வாய்விட்டுப் படி. நான்தான் அவர்" என்று மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, அச்சு அசலாக அவரைப்போலவே உர்ரென்று உட்கார்ந்தாய். நானும் வீம்புக்குப் படித்தேன். டிரைவர் அண்ணா கண்ணாடியில் பார்த்து, "யாரிகே பைத்தா இத்தீரா மேடம்?" என்றார். யாரைத் திட்டுகிறேன் என்று அவருக்கே கவலை. பஸ்ஸே சிரித்தது. அந்த மெயில் போகவில்லை. அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாகிவிட்டது. கோபமாக எதை எழுதினாலும் உன் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். என் மேனேஜராக, வீட்டு ஓனராக, ஒருமுறை என் மாமியாராகக்கூட நீ உட்கார்ந்திருக்கிறாய். மாமியார் வேஷம் உனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தியது.

ஆனால் அண்ணன் விஷயத்தில் நான் உன்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். அவன் புதுவீடு கட்டி, கிருகப்பிரவேசப் பத்திரிகையைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். கீழே, "அனைவரும் வருக", ஒரு கும்பிடு. அவ்வளவுதான். கட்டிக்கொடுத்த தங்கையை அண்ணன் நேரில் வந்து, தட்டில் பழம் பூவோடு பத்திரிகை வைத்து அழைக்க வேண்டாமா? அப்பா போன பிறகு எனக்கு அம்மா வீடு என்று சொல்ல அவன் வீடு ஒன்றுதான் இருந்தது.

நீ ஏறுகிற நிறுத்தம் வருவதற்குள் அவனுக்குத் தனியாக நாலு வரி போட்டிருந்தேன். "குரூப்பில் நூறு பேரோடு என்னையும் சேர்த்ததற்கு நன்றி. முறையாக அழைக்காத இடத்துக்கு நாங்கள் வருவதில்லை. இனி அந்த வாசல் எனக்கு இல்லை. வாழ்த்துகள்."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"பிடு, விட்டுத்தள்ளு, போனது போச்சு. இப்பவாவது படி. நான்தான் உங்கண்ணன்."

இந்த முறை நீ எந்த வேஷமும் போடவில்லை, சும்மா என்னைப் பார்த்தாய். மூன்றாவது வரிக்கு வந்தேன். "இனி அந்த வாசல்" என்பதோடு நிறுத்திவிட்டேன். அவசர அவசரமாக அதை அழித்தேன். அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்தேன். அழித்தாலும் அழித்த தடம் அங்கே நிற்கும் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் அண்ணனே கூப்பிட்டான்.

"இன்னா அழிச்ச?"

"ஒண்ணும் இல்லண்ணா. தப்பா வந்துடுச்சி."

நீ என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாய். "சொல்லிடு. இல்லன்னா அவர் அதைவிட மோசமா நெனச்சுப்பார்."

அந்த நெரிசலில், பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில், நாலு வரியையும் ஞாபகத்திலிருந்து சொன்னேன். தொலைந்தது என்று நினைத்தேன்.

"எப்ப போன் பண்ணாலும் மீட்டிங்னு கட் பண்ற," என்றான் மெதுவாக. "போன தடவ நானும் உங்கண்ணியும் வந்தப்ப, லேப்டாப்ப உட்டு தலையே தூக்கல நீ. வந்தா உனக்குத் தொல்லைன்னு நெனச்சேன். பத்திரிகைய யாரு கையில குடுக்கறது?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். "வாண்ணா, ஞாயித்துக்கிழமை வா" என்று மட்டும் சொன்னேன். நீ அந்தப் பக்கம் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகச் சிக்னலைப் பார்த்தாய்.

ஞாயிறன்று அண்ணனும் அண்ணியும் தட்டோடு வந்தார்கள். லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "போன்ல 'சொல்லிடு'ன்னுச்சே, அந்த பஸ்ஸு பொண்ணுக்கும் ஒண்ணு" என்று அண்ணன் உனக்கும் ஒரு பத்திரிகை எடுத்து வந்திருந்தான். நீ திருப்பத்தூர் வந்து, பந்தியில் என் பெரியம்மாக்களைக் கன்னடம் கலந்த தமிழால் மயக்கி, எனக்குத் தெரியாத குடும்பக் கதையெல்லாம் வாங்கிக்கொண்டு போனாய். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

நீ போன செய்தி ஆபீஸ் குரூப்பில்தான் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடுகள். என்னால் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஒக்கலிபுரம் வந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றவளைப் பார்த்து, உன் அம்மா, "நீதானா பஸ்ஸுல சத்தமா படிக்கிற பொண்ணு?" என்றார். அழ வந்தவள் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.

இப்போதும் பஸ்ஸில் அனுப்புவதற்கு முன் முணுமுணுக்கிறேன். ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதையாக நகர்ந்து உட்காருகிறார்கள். அண்ணனோடு சண்டை குறையவில்லை. ஆனால் எல்லாம் போனில், முழுக் குரலில்தான். போன வாரம் குலதெய்வக் கோயிலுக்கு எந்த ஞாயிறு போவது என்று இருபது நிமிஷம் கத்தினோம். நடுவில் அவன் திடீரென்று, "அந்தப் பொண்ணு இருந்திருந்தா இப்ப யாரு பக்கம் பேசியிருக்கும்?" என்றான்.

"என் பக்கம்தான்" என்று அடித்துச் சொன்னேன். பொய் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகும் யாரும் போனை வைக்கவில்லை.