பின்னால் வந்த சூரியன்

இன்று காலை சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது அந்தச் சவர்க்காரம் மணத்தது. வெள்ளவத்தை லொட்ஜில் தந்த, தீப்பெட்டி அளவுச் சவர்க்காரம். இரண்டைப் பாவிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாடகைக்குள்ள இதுவும் சேர்த்திதான்" என்றீர்கள். ஒன்றை ஊருக்கு வந்த கிழமையே கரைத்துவிட்டோம். மற்றது கடதாசி பிரிக்காமல் என் சேலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது, அதன் மணம் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கந்தோருக்கு வேலைக்குப் போனேன். பஸ்ஸுக்குள்ளும் அது என்னோடு வந்தது. உங்களுக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். உங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். கல்யாணத்தன்று, உங்களை வளர்த்த பெரியம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், பந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "படிச்ச பெட்டையடா! இனிக் கடல் எது, கரை எதெண்டு அவள்தான் உனக்குச் சொல்லித் தரப்போறாள்." பந்தி முழுவதும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பற்றி இந்த வீட்டில் வாய் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

கல்யாணம் முடிந்த கையோடு கொழும்புக்குப் போய் நான்கு நாள் நின்றோம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானையை விட யானைக்காரனைத்தான் நீங்கள் அதிக நேரம் பார்த்தீர்கள். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கி, இறாலை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதை எங்கட கரையில பூனையும் திரும்பிப் பாக்காது" என்றீர்கள். வடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "பூனைக்கு வேண்டாமெண்டா நீங்க சாப்பிடுங்க" என்றார். கடைத்தொகுதியில் ஓடும் படிக்கட்டின் முன் நீங்கள் தயங்கி நின்றதும், பிறகு பகிரங்கமாக என் கையைப் பிடித்ததும் அந்தப் பயணத்தில்தான்.

இரண்டாம் நாள் விடியப்புறம் கண் விழித்தபோது கட்டிலில் உங்களைக் காணவில்லை. யன்னலால் பார்த்தேன். நீங்கள் தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரைக் கருங்கற்களின் மேல் கைகட்டி நின்றீர்கள். கடலைப் பார்த்தபடி சூரியனுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. கிழக்குக் கரையில், உப்புவெளியில் பிறந்ததிலிருந்து கடலுக்குள்ளிருந்து எழும்புகிற சூரியனைத்தானே பார்த்திருக்கிறீர்கள். கொழும்பில் இருப்பது மேற்குக் கடல். எனக்குத் தெரியும், நான் புவியியல் படித்தவள். யன்னலைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். மாமியின் குரல் காதில் கேட்டது. சொல்லாமல் நின்றேன்.

வெகுநேரம் காத்திருந்தீர்கள். பிறகு வெளிச்சம் லொட்ஜின் பக்கத்து ஒழுங்கையால் வந்து உங்கள் முதுகில் விழுந்தது. கல்லைத் தாண்டி உங்கள் நிழல் தண்ணீருக்குள் நீளமாகப் போனது. உங்களுக்கு முதல் அது கடலில் இறங்கியது போல இருந்தது. அப்போதுதான் திரும்பினீர்கள்.

"இஞ்ச பாரும், சூரியன் என்னைப் பின்னால வந்து பிடிச்சிட்டுது!" சிரித்துக்கொண்டே அறைக்குள் வந்தீர்கள். "மூளைக்குத் தெரியும், கால் கேக்கேல்ல. கடல் எண்டா அங்கதான் விடியும் எண்டு போய் நிண்டிட்டன்."

"நான் பாத்தனான்" என்றேன்.

"என்னத்தை?"

"நீங்கள் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டதை."

சிரிப்பு நின்றது. "பாத்துக்கொண்டே நிண்டனீர்? ஒரு கூப்பிடு கூப்பிட்டிருக்கலாமே."

நான் தலைமுடியைப் பின்னத் தொடங்கினேன். நீங்களும் அந்தப் பேச்சை இழுக்கவில்லை. அன்று பின்னேரம் தாமரைக் கோபுரத்தின் உச்சியில், "எங்கட கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். கையைக் காட்டினேன். கட்டடங்களும் பச்சையும் புகைமூட்டமும்தான் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னீர்கள்: "எனக்குத் தெரியாதது உம்மட கண்ணில பட்டா வாய் திறவும். ஆர் சிரிச்சாலும் பரவாயில்லை. சத்தமாச் சொல்லும்." நான் தலையாட்டினேன். அதற்கும் என்னிடம் சத்தம் இருக்கவில்லை.

அடுத்த ஆடி மாதம். உங்களோடு தொழிலுக்கு வருகிற ராசன் அண்ணைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் தனியே படகு இறக்கப் போன பின்னேரம். கந்தோர் வட்ஸ்அப் குழுவில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: மேற்கிலிருந்து பலத்த காற்று, கடலுக்குப் போவதைத் தவிர்க்கவும். அதுதான் கச்சான், எங்கள் பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையில் அலையே இருக்காது, கடலுக்குள் போன பிறகுதான் அதன் பலம் தெரியும். அன்றும் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. மாமி வாசலில் கதிரை போட்டு இருந்தார். நீங்கள் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டீர்கள்.

"என்ன பிள்ளை, போனுக்குள்ளயே நிக்கிறாய்?" என்று மாமி கேட்டார்.

"ஒண்டுமில்லை மாமி."

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "ஏதும் சொல்லப்போறீரோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை. கவனமாப் போட்டு வாங்கோ."

இதுதான் நான் சொல்லாதது. செய்தி என் கையில் இருந்தது. கடலோடு பிறந்தவருக்குக் காற்றைப் பற்றி நான் என்ன சொல்ல என்று அப்போது எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயம் இல்லை, வெட்கம். மாமி சிரிப்பார் என்ற வெட்கம்.

நாலாம் நாள், ஆழ்கடலில் நாட்கணக்காக நிற்கிற பெரிய படகு ஒன்று உங்கள் படகைக் கண்டது. எஞ்சின் பழுதாகி, வலை பாதி இழுத்தபடி. சாப்பாட்டுப் பெட்டி கவிழாமல் இருந்தது. நீங்கள் இருக்கவில்லை. ராசன் அண்ணை எங்கள் வாசலில் குந்தியிருந்து அழுதார். "கச்சான் பின்னால வந்திருக்கும், தங்கச்சி. வலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" யன்னலில் நின்று பார்த்த அந்த முதுகு எனக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் போகவில்லை. தண்ணீர்க் குடத்துக்குக் குனிந்து நிமிர்ந்தால் வேலிக்கு அப்பால் நிற்கிறீர்கள், கைகட்டி, மற்றப் பக்கம் பார்த்தபடி. கூப்பிட்டால் திரும்புவீர்களோ என்று கூப்பிடாமலே நிற்கிறேன்.

இந்த வருடத்தின் முதல் கச்சான் செய்தி வந்த அன்று, கந்தோருக்கு உடுத்த சேலையோடேயே கரைக்கு நடந்தேன். ஏழெட்டுப் பேர் படகு தள்ளிக்கொண்டிருந்தார்கள். முதல் தரம் காற்றுத்தான் வாயால் வந்தது. இரண்டாம் தரம் சத்தம் வந்தது. போனைப் பார்த்து முழுவதையும் வாசித்தேன்.

"கச்சான் எங்களுக்குப் புதுசோ, பிள்ளை?" என்றார் ஒருவர்.

"இனி ரேடியோவை விக்கலாம், கந்தோர்க்காரி வந்திட்டா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. அப்படியே நின்று இன்னொரு தரம் வாசித்தேன். ராசன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. படகைத் திரும்ப மணலுக்கு இழுத்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இழுத்தார்கள். மற்றவர்கள் போனார்கள். அவர்கள் வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது செய்தி வருகிற நாளெல்லாம் போகிறேன். மாமி ஒருநாள் கேட்டார், "அவன் போன அண்டைக்கும் இப்பிடி ஒண்டு வந்ததோ, பிள்ளை?" அடுப்பில் பால் பொங்கியது, நான் குசினிக்குள் ஓடினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கரையில் ஊராருக்கு முன் வருகிற சத்தம், மாமியின் கதிரைக்கு முன் இன்னும் வரவில்லை. ஒருநாள் வரவேண்டும்.

கரையில் நிற்கும்போது பின்னேர வெயில் எங்கள் ஒழுங்கையால் வந்து என் முதுகில் விழுகிறது. அன்று உங்களுடையது போல, என் நிழல் நீண்டு எனக்கு முதல் தண்ணீரில் இறங்குகிறது. வாசித்து முடித்து, ஆட்கள் கலைந்த பிறகும் நான் உடனே திரும்புவதில்லை. கடலைப் பார்த்து, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று, சத்தமாக ஒருமுறை சொல்கிறேன்:

"கச்சான் வருகுது. பின்னால பாருங்கோ."