சைடு டிரம்முக்குள் மஞ்சள் துணி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், முழங்கால் வலி மட்டும் வாடகை தராத குடித்தனம் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கடுங்குளிர் என்று டிவியில் சொன்னார்கள், காதை மூடாமல் வெளியே போகாதே. அப்பா போனபோது நீ வரமுடியவில்லை என்று இங்கே யாரும் குறை சொல்லவில்லை, லீவு கொடுக்காதது உன் தப்பா, அதையே நினைத்து மறுகாதே. இப்போது எழுத வந்தது அப்பா பேண்டில் அடித்த சைடு டிரம்மைப் பற்றி. பேண்டுக்காரர்களுக்குக் கொடுக்கவே கூடாது, கண்ணாடிப் பெட்டி செய்து அதில் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய், அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. இதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பெட்டியில் வைப்பதானாலும் துடைத்து வைப்போம் என்றுதான் பீரோ மேலிருந்து இறக்கினேன். அப்பா வாங்கும்போதே அது பழசு, யார் யாரோ அடித்துவிட்டு விற்றது. எனக்கு அதில் என்ன தெரியும், தூசி தட்டப் போனாலே "ஏய், அத தொடாத"ன்னு கத்துவாரே. உறையைத் திறந்ததும் அவர் வேர்வை வாடை வந்தது. பிறகு உறைக்குள்ளேயே இருந்த சாவியைப் போட்டு மேல் திருகாணிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், அதுவரைக்கும் சரி. மேல் வளையத்தைக் கம்பி நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன் பாரு, வெள்ளிப் பூச்சு உரிந்து உள்ளே இருந்த பித்தளை பல்லைக் காட்டியது. அப்பாவோடு பேண்டில் ஊதுகிற டிரம்பெட் அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு "என்னம்மா இது, அடிப்பிடிச்ச சட்டின்னு நெனச்சியா" என்றார். "இத்தனை வருஷம் ஹாஸ்டல் சமையக்கட்டுல சட்டி தேய்ச்ச கைதானே அண்ணே, அதுக்கு வேற என்ன தெரியும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துவிட்டு எனக்கே பயமாகிவிட்டது, இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

பிறகு தோலைத் தூக்கினேன், அது பிளாஸ்டிக்தான், ஆனாலும் அப்பா தோல் என்றுதான் சொல்வார். அதன் அடியில், குறுக்கே இழுத்துக் கட்டின மாதிரி ஒரு துணிப்பட்டை இருந்தது. சாயம் போயிருந்தாலும் எனக்குத் தெரியாதா, நீ கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட மஞ்சள் கவுனைக் கிழித்தது. அது எங்கே போனது என்று அப்போது வீடெல்லாம் தேடியிருக்கிறேன். டிரம்பெட் அண்ணன்தான் சொன்னார், அப்பா வீட்டில் அடித்துப் பழகும்போது நீ விழித்துக்கொண்டு அழுவாயாம், சத்தம் அமுங்கட்டும் என்று வைத்தாராம். பேண்டில் எல்லாரும் "உன் டிரம்முக்கு என்னய்யா, எப்பப் பாரு ஜலதோஷம்"னு கேலி பண்ணுவார்களாம், இவர் சிரித்துக்கொண்டே அடிப்பாராம். நீ நடந்தாய், படித்தாய், கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாய், அவர் துணியை மட்டும் எடுக்கவே இல்லை. கேட்டால் மறந்துட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார், அவர் அப்படித்தான்.

துணியை எடுத்துவிட்டு அண்ணன் கொண்டுவந்த புதுத்தோல் போட்டேன். டப்பா மூடி திருகுவது மாதிரி ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முறுக்கிக்கொண்டே வந்தேன், தோல் ஒருபக்கம் விறைத்து ஒருபக்கம் சுருங்கி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருக்கிறதை முறுக்கணும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். மறுபடி தளர்த்தி மறுபடி முறுக்கி, ஒவ்வொரு திருகாணி பக்கத்திலும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, கை ஓய்ந்துபோனது. கடைசியில் அடியிலிருக்கும் சுருள்கம்பியை மாட்டிக் குச்சியால் ஒரு போடு போட்டேன். பளீர் என்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டு அக்கா "என்னடி உடைஞ்சுது"ன்னு ஓடி வந்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு பெட்டிக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை பாப்பா. அடிக்காமல் வைத்தால் கம்பி துருப்பிடிக்கும் என்கிறார் அண்ணன். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் துருப்பிடித்துத்தான் போவேன். அதனால் பேண்டுக்கே கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். இப்போது பேக்கரியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி அடிக்கிறார், அப்பா மாதிரி வரவில்லை, நடுவில் தடுமாறுகிறார், ஆனால் சாயங்காலம் சைக்கிள் கடை மாடியில் அவர்கள் பழகும்போது நம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. அப்பா அடித்து நடுவில் தேய்ந்த பழைய தோல் என்னிடம்தான் இருக்கிறது, அரிசி டிரம்முக்கு மூடியாக வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறது. அவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மஞ்சள் துணியை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை, துவைப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்லு. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், அம்மாவுக்கு வேறொன்றும் வேண்டாம். டிரம்மைக் கொடுத்ததற்குத் திட்டவேண்டுமானால் திட்டு, திட்டுவதற்காவது போன் பண்ணு. பேசும்போது அழுகை வந்தால் போன தடவை மாதிரி வைத்துவிடாதே, அழுதுகொண்டே பேசு, எனக்குப் புரியும்.

உன் அம்மா