தைலமர மாடத்தில் குளவி விட்டது

நாள் 212, காலை 07:10
எழுதுவது ஜெசிந்தா, பூச்சியியலாளர். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் தைலமரக் கண்ணாடி மாடம். மரங்கள் 1,140. இங்குள்ள முப்பத்தெட்டுப் பேரும் மூச்சுவிடும் காற்றை இவைதான் தருகின்றன. வெப்பம் 24 டிகிரி. இலைதின்னும் புழு, கிளைக்கு மூன்று. ஒட்டுண்ணிக் குளவிகள் அறுநூற்றைத் திறந்துவிட்டேன். அவை புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். கவலைப்பட ஒன்றுமில்லை.

நாள் 219, காலை 08:00
கிளைக்குப் பதினெட்டுப் புழு. நூறு புழுக்களை அறுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குளவியின் முட்டை இல்லை. குளவிகள் கண்ணாடியில் மோதிச் செத்துக் கிடக்கின்றன. கீழ்வரிசை மரங்கள் மொட்டை.

நாள் 223, பகல் 13:40
பூச்சிமருந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடைத்த மாடத்தில் அடித்தால் அது எல்லோருடைய நுரையீரலுக்கும் போகும். மறுத்துவிட்டேன். ஆக்சிஜன் 17 சதவீதம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இசக்கிமுத்து: "எக்கா, சின்னப் பிள்ளைய ரெண்டுக்கு மூச்சு வாங்குது. ஏதாச்சும் செய்ங்க."

நாள் 224, காலை 06:20
புரிந்துவிட்டது. இங்கே தைல வாசனையே இல்லை. கடிபட்ட இலையின் வாசனையைப் பிடித்துத்தான் குளவி புழுவிடம் போகும். காற்று வடிகட்டி அதை உறிஞ்சிவிடுகிறது. ஏழு மாதமாக இங்கே நிற்கிறேன், எனக்கு உறைக்கவில்லை.

வடிகட்டியை நிறுத்தினால் தைல ஆவி சேரும், மனிதருக்கு நஞ்சு. நிறுத்தினாலும் பத்து நிமிடத்தில் தானாக ஓடும். ஒருவர் உள்ளே இருந்து நிறுத்தும் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்க வேண்டும். குளவிகள் முட்டையிட்டு முடிக்க ஆறு மணி நேரம் தேவை. இருக்கும் ஒரே முகமூடி நான்கு மணி நேரம் தாங்கும். வளர்ப்பறையில் மிச்சம் இரண்டாயிரம் குளவிகள். வேறு கிடையாது.

09:00
கதவை உள்ளிருந்து அடைத்தேன். வடிகட்டி நின்றது. குளவிகளை விட்டேன்.

11:30
ஒரு குளவி புழுவின் முதுகில் ஏறிக் குத்தியது. பக்கத்திலேயே இன்னொன்று. அழுதுவிட்டேன்.

13:05
முகமூடி தீர்ந்தது. வாந்தி. இசக்கி: "கதவத் தொறக்கேன், வெளிய வாங்க."
"தொறக்காதல. ஆவி அங்க வந்துரும். பிள்ளைய இருக்கு."
"அப்ப நீங்க?"
"பத்து நிமிசத்துக்கு ஒருக்கா என்னையக் கூப்டு. கண்ண மூட விடாத."

14:30
எழுத வரவில்லை. இனிக் குரலில் பதிகிறேன். சற்றுமுன் அமுக்கினேனா என்று நினைவில்லை. மறுபடி அமுக்கினேன்.

15:04
ஆறு மணி நேரம் ஆயிற்று. அமுக்குவதை விட்டுவிட்டேன். வடிகட்டி ஓடுகிறது. ஆவி வடிய மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை கதவு திறக்கக் கூடாது. கண் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது பத்துப் புழுவில் ஏழின் மேல் குளவி.

உள்ளே வருபவர்களுக்கு. புழுக்கள் இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கும். பயந்து கொன்றுவிடாதீர்கள். அவற்றுக்குள் குளவி வளர்கிறது. பத்து நாள் பொறுங்கள். புழுவின் முதுகில் அது வெள்ளைக் கூடு கட்டும். அதை எண்ணி, இங்கே, என் பதிவுக்குக் கீழே எழு